குடும்ப மரம் மென்பொருள் எழுதுபவர்கள் உண்டா? ஜெட்காம் போதுமா, சொந்த வடிவம் வேண்டுமா?

வேப்பம்பூ (இழையைத் தொடங்கியவர்)

குடும்ப வரலாற்றைப் பதிந்துவைக்க ஒரு மென்பொருள் எழுத ஆரம்பித்திருக்கிறேன். மேலே திரைக்கு பிளட்டர், உள்ளே டேட்டாபேஸுக்கு எஸ்கியூலைட். பிழைப்புக்கு எழுதுவது பில்லிங் மென்பொருள், அதனால் டேட்டாபேஸ் எனக்குப் புதிதல்ல. ஆனால் இந்த வேலையைப் பற்றிப் பேச ஆள் இல்லை. ஆபீசில் வாயைத் திறந்தால் "அதுக்குத்தான் ஆப் நூறு இருக்கே" என்று நகர்ந்துவிடுகிறார்கள். இதில் கைவைத்தவர்கள் இங்கே இருந்தால் வழி சொல்லுங்கள்.

முதலில் போட்ட அட்டவணை சாதாரணமானதுதான். ஆளுக்கு ஒரு வரிசை: பெயர், குடும்பப்பெயர், பிறந்த தேதி, அப்பா ஐடி, அம்மா ஐடி, தலைமுறை எண். எங்கள் வீட்டு ஆட்களை ஏற்றத் தொடங்கியதுமே முட்டிக்கொண்டது.

குடும்பப்பெயர் கட்டத்தில் எதைப் போடுவது? எங்களுக்கு இருப்பது இனிஷியல்தான். உறவில் ஒருவர் தன் தாய்மாமனையே கட்டிக்கொண்டவர். பிறந்த வழியில் பார்த்தால் அவருக்கு ஒரு தலைமுறை எண், கணவர் வழியில் பார்த்தால் வேறொன்று. பெரியப்பா நோட்டில் தாத்தாவின் பிறப்பு "பிங்கள வருஷம் ஆவணி மாதம் 12ந் தேதி" என்று இருக்கிறது. தேதிக் கட்டம் அதை வாங்க மாட்டேன் என்கிறது.

குடும்ப மர விவரங்களை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துப்போக ஜெட்காம் என்று ஒரு கோப்பு வடிவம் இருப்பது தெரியும். ரொம்பப் பழசு என்கிறார்கள். அதையே பிடித்துக்கொள்வதா, எனக்கு வசதியாகச் சொந்தமாக ஒரு ஜேசான் கோப்பு வடிவம் வைத்துக்கொள்வதா?

---

பழையபெட்டி

வாங்க வேப்பம்பூ. சொந்த வடிவம் மட்டும் வேண்டாம்.

1984ல் டாஸ் காலத்தில் வந்த பர்சனல் ஆன்செஸ்ட்ரல் ஃபைல் என்ற வம்சாவளி மென்பொருள் 2013ல் நிறுத்தப்பட்டது. தி மாஸ்டர் ஜீனியாலஜிஸ்ட் என்ற இன்னொன்று 2014ல் கடையைக் கட்டியது. அவற்றில் வருஷக்கணக்காக ஏற்றிவைத்தவர்கள் ஓரளவாவது மூட்டை கட்டிக்கொண்டு வெளியே வர முடிந்தது ஜெட்காம் இருந்ததால்தான். உங்கள் மென்பொருளும் ஒருநாள் நிற்கும். உங்கள் பேத்தி அதைத் திறக்க வேண்டும் என்றால் நோட்பேடில் திறந்தாலும் படிக்க முடிகிற கோப்பு வேண்டும்.

பழசுதான், மறுக்கவில்லை. ஜெட்காமை 1984ல் உருவாக்கியது மார்மன் திருச்சபையின் வம்சாவளிப் பிரிவு. 5.5.1 என்ற பதிப்பு 1999ல் வரைவாக வந்து, 2019 வரைக்கும் அதிகாரப்பூர்வமாக வரைவாகவே கிடந்தது. அதற்குள் உலகத்தில் பாதி மென்பொருள் அதைத்தான் பின்பற்றிக்கொண்டிருந்தது! 2021ல் 7.0 வந்தது. இப்போது அதன் வரையறை, நிரல் பகிரும் தளமான கிட்ஹப்பில் திறந்தே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் சிக்கலைப் பதிந்து விவாதிக்கலாம். உங்களுக்குப் பேச்சுத்துணை வேண்டும் என்றால் முதலில் அங்கே போய் மூடப்பட்ட சிக்கல்களை வாசியுங்கள். நீங்கள் இன்றைக்கு முட்டிக்கொள்கிற சுவர்களில் பலவற்றில் யாராவது ஏற்கெனவே முட்டியிருப்பார்கள்.

அட்டவணைக்கு வருகிறேன். தலைமுறை எண்ணை இப்போதே தூக்கிவிடுங்கள். அது கணக்கிட்டு எடுக்க வேண்டியது, சேமிக்க வேண்டியதல்ல. அப்பா ஐடி, அம்மா ஐடியையும் ஆள் வரிசையில் நேராக வைக்காதீர்கள். ஜெட்காமில் ஆள் தனிப் பதிவு, குடும்பம் தனிப் பதிவு. கணவன், மனைவி, பிள்ளைகள் மூன்றும் குடும்பப் பதிவில் வரும். குழந்தை இல்லாத தம்பதி, ரெண்டாம் தாரம், அப்பா பெயர் தெரியாத பிள்ளை எல்லாம் அதில் இடிக்காமல் உட்காரும். குடும்பப் பதிவுக்குள் பிள்ளைகளைப் பிறந்த வரிசைப்படி வைக்கலாம் என்பது இன்னொரு லாபம். நம் ஊரில் தேதி யாருக்கும் தெரியாது, ஆனால் "அவன் மூணாவது, இவ நாலாவது" என்பதை எண்பது வயசுப் பாட்டி கூடத் தப்பாமல் சொல்வார்.

---

மரநிழல்

பழையபெட்டி ஐயா சொன்னதுதான். கூடவே ஒன்று: புதிதாக எழுதும் முன் கிராம்ப்ஸைக் கொஞ்ச நாள் பயன்படுத்திப் பாருங்கள். 2001 முதல் வளரும் கட்டற்ற மென்பொருள், பைத்தானில் எழுதியது. வெப்ட்ரீஸ் என்றொன்று உண்டு, பிஎச்பி மொழியில் எழுதியது. 2010ல் பிஎச்பிஜெட்வியூவிலிருந்து பிரிந்து வந்தது. பிரான்ஸில் டேனியல் டி ரோக்லோட்ர் ஓகாம்ல் மொழியில் எழுதிய ஜீன்வெப் 1990களிலிருந்தே இருக்கிறது, ஜெனியானே என்ற வம்சாவளித் தளம் அதன்மேல்தான் ஓடுகிறது. இந்த மூன்றின் மூல நிரலையும் படித்தாலே பாதிப் பாடம் முடிந்தது.

பெயருக்கு கிராம்ப்ஸ் ஒரு நல்ல வேலை செய்திருக்கிறது. ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பின்பெயர் வைக்கலாம், ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று குறிக்கலாம்: தகப்பன் பெயர், ஊர்ப் பெயர், தொழில் பெயர், பரம்பரைப் பெயர் என்று. நம் இனிஷியலை "தகப்பன் பெயர்" வகையில் போட்டுவிட்டு, காட்டும் விதத்தை மட்டும் மாற்றி அமைத்துக்கொள்ளலாம். தஞ்சாவூர்ப் பக்கம் ஊருக்கு ஒரு எழுத்து, அப்பாவுக்கு ஒரு எழுத்து என்று ரெட்டை இனிஷியல் உள்ளவர்களும் இதில் அடங்குவார்கள்.

என் கருத்து என்னவென்றால் இனிஷியலைச் சேமிக்கவே கூடாது. அப்பாவின் பதிவு இருக்கிறதே, அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

---

பினாங்குக்காரன்

> இனிஷியலைச் சேமிக்கவே கூடாது. அப்பாவின் பதிவு இருக்கிறதே

இங்கேதான் நான் மாறுபடுகிறேன், மரநிழல். மலேசியாவில் எங்கள் அடையாள அட்டையில் பெயர், அப்புறம் ஏ/எல் அல்லது ஏ/பி, அப்புறம் அப்பா பெயர் என்று வரும். இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்பதற்கான மலாய்ச் சுருக்கம். என் தாத்தாவின் தோட்டத்துப் பதிவில் அவர் அப்பா பெயர் ஒரு எழுத்தில், அடையாள அட்டையில் இன்னொரு எழுத்தில், என் அப்பாவின் பிறப்புச் சான்றிதழில் தாத்தாவின் பெயர் மூன்றாவது விதமாக. தோட்டத்துக் கிராணிக்கு, அதாவது குமாஸ்தாவுக்கு, காதில் விழுந்தது அதுதான். அப்பாவின் பதிவிலிருந்து எடுத்தால் இந்த மூன்றில் எது வரும்?

பெண்களுக்கு இன்னும் மோசம். கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின் கணவர் இனிஷியல். வங்கிக் கணக்கு ஒன்றில், பள்ளிச் சான்றிதழ் மற்றொன்றில். தேடுகிறவன் கையில் இருப்பது அந்தத் தாளில் உள்ள எழுத்து மட்டுமே. அதனால் தாளில் எப்படி இருந்ததோ அப்படியே ஒவ்வொன்றையும் தனிப் பெயராக, எந்தத் தாள் என்ற குறிப்போடு சேமியுங்கள். ஜெட்காமில் ஒருவருக்குப் பல பெயர் வரி அனுமதி உண்டு. முதலில் வருவது விருப்பமான பெயர், மற்றவை அதன்பின். 7.0வில் ஒரு பெயருக்குக் கீழேயே அதன் வேற்றுமொழி எழுத்து வடிவத்தையும் மொழிக் குறியோடு சேர்க்கலாம். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் மூன்று என்று.

குடும்பப்பெயர்க் கட்டத்தைக் காலியாக விடுங்கள். அது காலியாக இருக்கலாம் என்பது ஜெட்காமுக்குத் தெரியும், தெரியாதது அதைப் படிக்கும் பல மென்பொருள்களுக்குத்தான். குடும்பப்பெயர்ப் பட்டியல் என்று ஒரு பக்கம் வைத்து, நம் ஆட்கள் அத்தனை பேரையும் "பெயர் இல்லை" என்ற ஒரே மூட்டையில் போட்டுவிடும்.

---

மரநிழல்

சரி, தாளில் உள்ளதைச் சேமிப்பதில் எனக்கு மறுப்பில்லை. திரையில் காட்டும் இனிஷியல் மட்டும் கணக்கிட்டு வரட்டும், பதிவில் உள்ளது அப்படியே இருக்கட்டும்.

பெயர்ப் பட்டியல் சிக்கலுக்கு ஐஸ்லாந்துக்காரர்களைப் பாருங்கள். அவர்களில் பெரும்பாலோருக்கும் குடும்பப்பெயர் கிடையாது, தகப்பன் பெயர்தான். தொலைபேசிப் புத்தகமே முதற்பெயர் வரிசையில்தான் அச்சிட்டார்கள். டீகோட் ஜெனெடிக்ஸ் நிறுவனமும் பிரித்ரிக் ஸ்கூலசன் என்ற நிரலாளரும் சேர்ந்து செய்த இஸ்லெண்டிங்காபோக் தரவுத்தளம் கிட்டத்தட்ட நாடு முழுவதையும் இணைக்கிறது. குடும்பப்பெயர் இல்லாமல் வம்சாவளி மென்பொருள் ஓடாது என்று யாராவது சொன்னால் இதைக் காட்டுங்கள்.

---

அணில்

எல்லோரும் பெயரிலேயே நிற்கிறீர்கள். எனக்கு இதில் பிடித்த பகுதி உறவுமுறை. வெளிநாட்டு மென்பொருள் எதை எடுத்தாலும் "இரண்டாம் கசின், ஒரு தலைமுறை தள்ளி" என்று சொல்லும். அதை வைத்துக்கொண்டு கல்யாண வீட்டில் யாரையாவது கூப்பிட முடியுமா?

நமக்கு வேண்டியது அண்ணன் தம்பி முறையா, மச்சான் முறையா என்பது. இதற்கு நான் எழுதியது பத்து வரிகூட வராது. இரண்டு பேரிடமிருந்தும் மேலே ஏறுங்கள். கூடப்பிறந்த இருவரை எங்கே அடைகிறீர்களோ அங்கே நில்லுங்கள். அங்கே கணக்கு 0. அப்புறம் ஒவ்வொரு தலைமுறையாக இறங்குங்கள். பாதையில் இந்தப் பக்கம் வரும் அப்பாவோ அம்மாவோ ஒருவர், அந்தப் பக்கம் வரும் அப்பாவோ அம்மாவோ ஒருவர். ரெண்டு பேருமே ஆண், அல்லது ரெண்டு பேருமே பெண் என்றால் கணக்கு மாறாது. ஒருவர் ஆண் ஒருவர் பெண் என்றால் புரட்டிப் போடுங்கள்: 0 என்றால் 1, 1 என்றால் 0. கடைசியில் 0 வந்தால் அண்ணன் தம்பி முறை, 1 வந்தால் மச்சான் முறை. நிரலாளர்களுக்குச் சொன்னால், இது வெறும் எக்ஸார்.

சோதித்துப் பாருங்கள். என் தாத்தாவின் தங்கைக்கு ஒரு மகன், அவருக்கு ஒரு மகன். தாத்தாவும் தங்கையும் ஆண், பெண், கணக்கு 1. என் அப்பாவும் அந்தத் தங்கை மகனும் ஆண், ஆண்; 1 அப்படியே நிற்கும். அவன் எனக்கு மச்சான். அதே தங்கைக்கு மகளாக இருந்து, அந்த மகளின் மகன் என்றால் இன்னொரு முறை புரளும், 0. அவன் எனக்குத் தம்பி. எங்கள் வீட்டு முறையோடு ஒத்துப்போகிறது.

1871ல் லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற அமெரிக்க மானிடவியலாளர் தமிழர் உறவுமுறையும் அமெரிக்கப் பழங்குடிகளான இரோகுவா மக்களின் உறவுமுறையும் ஒன்று என்று நினைத்தார். முதல் வட்டத்தில் ஒன்றாகத்தான் தெரியும். ரெண்டாம் வட்டத்துக்குப் போனதும் பிரிந்துவிடும், அவர்களுடைய முறை கடைசிப் பெற்றோரின் ஆண், பெண் வேறுபாட்டை மட்டும் பார்க்கிறது. நம்முடையது மேலிருந்து கீழ்வரை எல்லாவற்றையும் பார்க்கிறது. இணையத்தில் கிடைக்கும் சில நிரல்கள் முதல் வட்டத்தோடு நிறுத்திவிட்டு "தமிழ் உறவுமுறை" என்று பெயர் போட்டிருக்கின்றன, அவற்றை நம்பாதீர்கள்.

ஒருவரின் பாலினம் பதிவில் இல்லை என்றால் விடையும் "தெரியாது" என்றே வர வேண்டும். பெயரைப் பார்த்து ஊகிக்கும் வேலை வேண்டாம்.

---

ஸ்கார்பரோ அக்கா

அணில் தம்பி, கணக்கு வடிவாய் இருக்கு. ஆனால் ஒரு சோடிக்கு ஒரு பாதை மட்டும்தான் என்று நினைத்து எழுதிப்போடாதீங்கோ. யாழ்ப்பாணத்தில் எங்கட குடும்பத்தில் மச்சான் மச்சாள் கலியாணம் ரெண்டு மூன்று தலைமுறையாகத் தொடர்ந்து நடந்திருக்கு. ஒரே ஆளை அடைய மூன்று பாதை. ஒன்றில் அவர் மாமா, இன்னொன்றில் அண்ணன். எதைக் காட்டுவது?

மற்றது, அழைக்கும் சொல்லை நிரலுக்குள் எழுதி வைக்காதீங்கோ. நாங்கள் அம்மம்மா, அப்பம்மா, மாமி, மச்சாள் என்போம். மதுரைக்காரருக்கு அம்மாச்சி, அப்பத்தா, அத்தை. உறவுக்கு உள்ளே ஒரு குறியீடு, வெளியே ஊருக்கு ஒரு சொற்பட்டியல் என்று பிரித்து வையுங்கோ. எங்கட பிள்ளைகள் கனடாவில் பிறந்ததுகள், இந்தச் சொல்லுக்காகத்தான் மென்பொருளைத் திறக்குங்கள்.

---

அணில்

அக்கா, பல பாதை வந்தால் எல்லாவற்றையும் பட்டியலாகத் தருகிறேன். மிகக் குறுகிய பாதை மேலே, மற்றவை கீழே. எந்த முறையில் கூப்பிடுகிறார்கள் என்பதைப் பயனர் தானே குறித்துவைக்க ஒரு கட்டம். அந்தத் தேர்வை நிரல் செய்யக்கூடாது. வீட்டில் பெரியவர்களே அதற்குப் பஞ்சாயத்து வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

வேப்பம்பூ, தாய்மாமன் கல்யாணத்தைக் கேட்டீர்களே. அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைக்கு அம்மாவைப் பெற்ற பாட்டியே அப்பாவின் அக்கா. பாட்டியும் அவர்தான், அத்தையும் அவர்தான். 1590ல் மிஷேல் ஐட்சிங்கர் வெளியிட்ட முன்னோர் எண்முறையில் நான் 1, அப்பா 2, அம்மா 3. யாராக இருந்தாலும் அவர் அப்பாவுக்கு இருமடங்கு எண், அம்மாவுக்கு அதோடு ஒன்று கூட்டி. அந்தப் பிள்ளையை 1 என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். 4ஆம் எண்ணும் 14ஆம் எண்ணும் ஒரே ஆள், 5ம் 15ம் ஒரே ஆள். ஆகவே எண்ணை ஆளின் ஐடியாக வைத்தால் செத்தீர்கள். மரம் என்று பெயர்தான், உள்ளே இருப்பது கிளை திரும்பச் சேரும் வரைபடம். வரைவதற்கும் மரத்துக்கான வழிமுறைகள் உதவாது. அடுக்கடுக்காக வரையும் கிராஃப்விஸ் மாதிரி ஒன்று வேண்டும். கிராம்ப்ஸ் உறவு வரைபடத்துக்கு அதைத்தான் கூப்பிடுகிறது.

இரத்த உறவுக் கெழுவையும், அதாவது ஒருவரின் அப்பா அம்மா எவ்வளவு நெருங்கிய இரத்த உறவு என்பதன் அளவையும், கணக்கிடலாம். 1922ல் சூவல் ரைட் கொடுத்த சூத்திரம். அத்தை மகன், மாமன் மகள் தம்பதியின் பிள்ளைக்கு 1/16, தாய்மாமன் தம்பதியின் பிள்ளைக்கு 1/8. ஜீன்வெப் இதை நன்றாகச் செய்யும். ஆனால் அதைச் சிவப்பு எழுத்தில் முதல் திரையில் காட்டி வீட்டில் சண்டை மூட்டாதீர்கள்.

---

பழையபெட்டி

பிங்கள வருஷத்துக்கு யாருமே பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

அறுபது வருஷச் சுற்றில் பிரபவ 1987 சித்திரையில் தொடங்கியது. பிங்கள 51ஆவது. ஆகவே 1917–18, 1977–78, இரண்டில் ஒன்று. இன்னும் பின்னால் போனால் 1857–58. தாத்தா என்கிறீர்கள், 1917 ஆகஸ்ட் கடைசி என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதை மட்டும் 28-08-1917 என்று எழுதிவிட்டு நோட்டில் உள்ளதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தமிழ் மாதப் பிறப்பு சூரியன் ராசி மாறும் நேரத்தைப் பொறுத்தது, அஸ்தமனத்துக்கு முன்னா பின்னா என்பதில் ஒரு நாள் முன்பின் ஆகும். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் ஒரு நாள் வித்தியாசம் வருவதும் உண்டு. எந்தப் பஞ்சாங்கத்தைப் பார்த்து எழுதினார்கள் என்று யாருக்குத் தெரியும்?

ஜெட்காம் 7.0வில் தேதிக்குக் கீழே சொற்றொடர் என்று ஒரு வரி உண்டு. மேலே கணினிக்குப் புரிகிற மாதிரி "1917 ஆகஸ்ட் 26க்கும் 30க்கும் இடையே" என்று போட்டு, கீழே "பிங்கள வருஷம் ஆவணி மாதம் 12ந் தேதி" என்று நோட்டில் உள்ளபடியே எழுதுங்கள். கிழமையோ நட்சத்திரமோ இருந்தால் அதையும் விடாதீர்கள். பின்னால் எந்தச் சுற்று என்று சண்டை வரும்போது தீர்த்துவைப்பது அதுதான்.

வரையறையில் உள்ள நாட்காட்டிகள் நான்குதான்: கிரெகோரியன், ஜூலியன், யூத நாட்காட்டி, பிரெஞ்சுப் புரட்சி நாட்காட்டி. பன்னிரண்டு பதின்மூன்று வருஷம் மட்டும் புழங்கிய பிரெஞ்சுப் புரட்சி நாட்காட்டிக்கு இடம் இருக்கிறது, நமக்கு இல்லை! ஆனால் 7.0வில் அடிக்கோட்டில் தொடங்கும் சொந்தக் குறி சேர்க்கலாம், அதன் பொருள் என்ன என்பதற்கு ஒரு இணைய முகவரியைத் தலைப்பகுதியில் கொடுத்தால் போதும். தமிழ் நாட்காட்டிக்கு ஒரு பொதுவான குறியை நாலு பேர் சேர்ந்து வரையறுத்தால் எல்லோருக்கும் உதவும். யாராவது முன்னெடுத்தால் பஞ்சாங்கக் கணக்குப் பகுதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

---

வேப்பம்பூ

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. ஆள், குடும்பம் என்று அட்டவணையைப் பிரித்துவிட்டேன். நிகழ்வு தனி, ஆதாரம் தனி.

அடுத்த சிக்கல். உறவினர் ஒருவர் பழைய மென்பொருள் ஒன்றிலிருந்து எடுத்த ஜெட்காம் கோப்பைக் கொடுத்தார். குறிப்புகளில் நடுநடுவே கட்டம் கட்டமாக வருகிறது. அதோடு "ஸ்ரீரங்கம்" என்று தேடினால் பாதிப் பேர்தான் வருகிறார்கள்.

---

மரநிழல்

முதலாவது, வரி ஒட்டும் பிரச்சினை. 5.5.1ல் ஒரு வரி 255 எழுத்துக்கு மேல் போகக்கூடாது. நீளமான குறிப்பை உடைத்து, "முந்தையதோடு ஒட்டு" என்ற குறியோடு அடுத்த வரியில் தொடர்வார்கள். யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். எழுத்தை எண்ணாமல் பைட்டை எண்ணி வெட்டிய மென்பொருள் ஒரு எழுத்தின் வயிற்றிலேயே வெட்டியிருக்கும். நீங்கள் முதலில் பைட்டாகவே ஒட்டிவிட்டு அதன்பிறகு யூனிகோடாக மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். வரி வரியாக மாற்றினால் கட்டம்தான். 7.0வில் நீள வரம்பும் இல்லை, ஒட்டுக் குறியும் இல்லை, யூடிஎஃப்-8 தவிர வேறு குறியாக்கமும் இல்லை. அதற்காகவே நான் 7.0 பக்கம்.

இரண்டாவது, ஸ்ரீ. இதை இரண்டு விதமாகத் தட்டச்சு செய்ய முடியும். ஒன்று ஸ எழுத்தில் தொடங்குவது, மற்றது 2005ல் யூனிகோடு 4.1ல் சேர்ந்த ஶ எழுத்தில் தொடங்குவது. திரையில் பல எழுத்துருக்களில் ரெண்டும் ஒன்று போலவே தெரியும். ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடு இயல்பாக்கம் செய்தாலும் இவை ஒன்றாகாது, தேடலுக்காக நீங்களே ஒரு மாற்றுவிதி எழுத வேண்டும். கொ, கோ, கௌ போன்றவை ஒற்றைக் குறியாகவும் இரண்டு துண்டாகவும் வரும். அவற்றை இயல்பாக்கம் சரி செய்துவிடும். தேடல் அட்டவணையில் மட்டும் இதைச் செய்யுங்கள், மூலத்தைத் தொடாதீர்கள்.

யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்பு வந்தால் அது வேறு கதை. இங்கே எழுதினால் நீளும்.

---

கொங்குநாடன்

எல்லாம் சரி. கூட்டம், கோத்திரம், குலதெய்வம் இதற்கெல்லாம் கட்டம் உண்டா இல்லையா? கூட்டம் என்பது எங்கள் பக்கத்துக் குலப்பிரிவு, ஒரே கூட்டத்துக்குள் பெண் எடுக்க மாட்டோம். பங்காளி யார் என்று பார்க்க அதுதான் வழி. சாதிக்கும் ஒரு டிராப்டவுன் வைத்துவிட்டால் தேட வசதி.

---

பினாங்குக்காரன்

டிராப்டவுனா? வேண்டவே வேண்டாம். நாலு தலைமுறைக்கு முன் கடல் தாண்டி வந்த குடும்பத்துக்கு அந்தக் கட்டத்தைக் கட்டாயம் நிரப்பு என்று கேட்டால் மென்பொருளையே மூடிவிடுவார்கள். நான் மூடுவேன்.

---

பழையபெட்டி

இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அந்தக் கப்பல் பட்டியல்களில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, கிராமம், கூடவே சாதியும் எழுதியிருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒருவர் தன் ஊரைத் தேடி வரும்போது கையில் உள்ளது அந்த ஒரு வரிதான். அதில் எதையும் அழிக்க நமக்கு உரிமையில்லை. அதற்காக அதை ஆளின் அடையாளமாக உங்கள் மென்பொருளில் ஏற்றிவைக்கவும் தேவையில்லை. "இந்த ஆவணம் இப்படிச் சொல்கிறது" என்று ஆதாரத்தோடு சேர்ந்த ஒரு குறிப்பு, அவ்வளவுதான். டிராப்டவுன் வைத்தால் குமாஸ்தா காதில் விழுந்ததை நீங்கள் உண்மையாக்கிவிடுகிறீர்கள்.

குலதெய்வத்தை நான் வைப்பேன், இடமாக. கோயில் இருக்கும் ஊர், அங்கே வரி கட்டுகிறவர்கள் யார் என்பது ஊர் விட்டு ஊர் போன குடும்பங்களைச் சேர்க்கும் நல்ல துப்பு.

---

கொங்குநாடன்

கட்டாயம் என்று நான் சொல்லவில்லையே. குறிப்பாக இருந்தாலும் தேட முடிந்தால் சரி. ஆனால் கூட்டம் எங்களுக்கு வெறும் ஆவணக் குறிப்பு அல்ல, அதில் நான் மாறவில்லை.

---

நெறியாளர்

சாதி பற்றிய பேச்சு மென்பொருள் வடிவமைப்போடு நிற்கட்டும். தாண்டிப் போன இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

---

ஸ்கார்பரோ அக்கா

இடம் என்று வந்ததால் ஒரு கேள்வி. ஊர் பெயர், மாவட்டம் எல்லாம் மாறிக்கொண்டே போகுதே, எதை எழுதுறது?

---

மரநிழல்

அந்தந்தக் காலத்தில் இருந்ததை, அக்கா. மயிலாடுதுறைப் பக்கத்துக் கிராமம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1917ல் சென்னை மாகாணத்துத் தஞ்சாவூர் ஜில்லா. 1991க்குப் பிறகு நாகப்பட்டினம் மாவட்டம். 2020 முதல் மயிலாடுதுறை மாவட்டம். ஊர் நகரவே இல்லை. ஜெட்காமில் இடம் என்பது காற்புள்ளி போட்ட ஒரு வரி மட்டும்தான், அங்கே இதைச் சொல்ல முடியாது. கிராம்ப்ஸில் இடம் தனிப் பதிவு. எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை எதற்குள் இருந்தது என்று குறிக்கலாம். உள்ளே அந்த மாதிரி வைத்துக்கொண்டு, ஏற்றுமதி செய்யும்போது நிகழ்வின் தேதிக்கு ஏற்ற வரியை எழுதிவிடுங்கள். அட்சரேகை, தீர்க்கரேகை ஒருமுறை போட்டால் போதும்.

உயிரோடு இருப்பவர்களின் விவரத்தை ஏற்றுமதியில் இயல்பாகவே மறைக்கும்படி வையுங்கள். இந்தியாவின் 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொந்த, வீட்டு உபயோகத்துக்குப் பொருந்தாது. இணையத்தில் ஏற்றிவிட்டால் அது வீட்டு உபயோகம் என்று சொல்லிக்கொள்ள முடியுமா? போதாததற்கு, அம்மாவின் கல்யாணத்துக்கு முந்தைய பெயரைப் பாதுகாப்புக் கேள்வியாகக் கேட்கும் வங்கிகள் இன்னும் இருக்கின்றன.

---

வேப்பம்பூ

முடிவு செய்துவிட்டேன். முழுசாகப் புதிது எழுதப் போவதில்லை. உள்ளே கிராம்ப்ஸ் வைத்துக்கொள்கிறேன். அணில் சொன்ன முறைக் கணக்கையும் பழையபெட்டி ஐயா சொன்ன அறுபது வருஷ மாற்றியையும் அதற்குச் செருகுநிரலாக எழுதுகிறேன். மொபைலில் பார்க்க மட்டும் பிளட்டர். அணில், உங்கள் நிரலை எந்த உரிமத்தில் தருவீர்கள்? கிராம்ப்ஸ் ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் இருக்கிறது.

---

அணில்

ஜிபிஎல்லிலேயே தருகிறேன். சோதனைக்கு ஒரு கற்பனைக் குடும்பமும் செய்து வைத்திருக்கிறேன்: தாய்மாமன் கல்யாணம், பெண் கொடுத்துப் பெண் எடுத்தது, அக்கா தங்கை இருவரைக் கட்டியவர், அப்பா பெயர் தெரியாத பிள்ளை எல்லாம் அதில் உண்டு. ஒருவர் தனக்கே முன்னோராக வரும் தப்பான பதிவு ஒன்றும் வேண்டுமென்றே வைத்திருக்கிறேன். நிரல் அதில் சுழலில் மாட்டாமல் பிழை என்று சொல்ல வேண்டும்.

---

ஸ்கார்பரோ அக்கா

சுவீகாரம் போன பிள்ளை அதில் இருக்கோ? எங்கட அம்மப்பாவை அவரின் சித்தப்பாதான் எடுத்து வளர்த்தவர்.

---

அணில்

இல்லை, சேர்த்துவிடுகிறேன். ஜெட்காமில் ஒரு ஆளை இரண்டு குடும்பத்துக்கும் பிள்ளையாக இணைக்கலாம், ஒன்றில் பிறப்பு என்றும் மற்றதில் சுவீகாரம் என்றும் குறித்து. கூப்பிடும் முறைக்குச் சுவீகாரப் பாதையை முதலில் எடுக்கலாம். இரத்த உறவுக் கெழுவுக்குப் பிறப்புப் பாதை மட்டும்.

---

பழையபெட்டி

கல்யாணப் பொருத்தம் பார்க்கிற மாதிரி ஏதாவது எழுதினால் ரெண்டு பாதையும் வேண்டும். இந்தியாவின் 1956 இந்து சுவீகாரச் சட்டத்தின்படி, சுவீகாரம் போன பிள்ளை பிறந்த குடும்பத்தில் இருந்திருந்தால் யாரைக் கட்டக்கூடாதோ அவரைப் போன பிறகும் கட்டக்கூடாது. அக்கா சொல்கிற மாதிரி சித்தப்பாவே எடுத்திருந்தால் ரெண்டு பாதையும் அதே தாத்தாவிடம் போய்ச் சேரும், முறை மாறாது. வெளியாள் எடுத்த பிள்ளை ஒன்றையும் சோதனைக் குடும்பத்தில் சேருங்கள் அணில், அதில்தான் நிரல் தடுமாறும்.